மகளுக்குக் குதிரையோட தெரபி சொல்லினம், ஆராவது பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறியளா?

நெடுந்தீவுப்பேத்தி:

வணக்கம். கன வருசமா இங்க வாசிக்கிறனான், எழுதிறது இதுதான் முதல்தரம். நாங்கள் இங்கிலாந்தில, லண்டனுக்குக் கொஞ்சம் வெளியில இருக்கிறம். மகளுக்கு 14 வயசு. போன மார்கழி லீவு முடிஞ்ச கையோட தொடங்கினது. முதல் திங்கட்கிழமையில மட்டும் வயித்துக்குத்து எண்டாள், பேந்து கிழமைக்கு மூண்டு நாள், இப்ப பள்ளிக்கூட உடுப்பைப் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திடுறாள். நான் வெளியில நிலத்தில இருந்து கெஞ்சிறது, இவர் கத்திறது, கடைசியில பள்ளிக்கூடத்தில இருந்து போன் வாறது, இதுதான் எங்கட வீட்டில ஒவ்வொரு காலமையும்.

எங்கட குடும்ப டொக்டர் (ஜீபி) காம்ஸுக்கு, அதுதான் பிள்ளையளுக்கான அரசாங்க மனநலப் பிரிவுக்கு, எழுதிவிட்டவர், லிஸ்ற்றில நிக்கிறம். பள்ளிக்கூடத்தில 6 கிழமை கவுன்சிலிங் குடுத்தவை, ஆறு கிழமையும் ஹூடியால முகத்தை மூடிக்கொண்டு கதிரையில இருந்திட்டு வந்தவள். வந்த கவுன்சிலரில பிழை சொல்லேல்லை, நல்ல பிள்ளை, பொறுமையா இருந்தவா. ஆனா கதைச்சு மாத்திற வருத்தம் எண்டால் முதல் கதைக்க வேணும்தானே, என்ர பிள்ளைக்கு வராததே அதுதான்.

இப்ப பள்ளிக்கூடத்தில ஒரு ரீச்சர் சொன்னவா, கார்ல அரை மணித்தியாலத்தில ஒரு பண்ணை இருக்கு, அங்க குதிரையளோட வச்சுச் செய்யினமாம். ஏறி ஓடுறது இல்லையாம், நிலத்தில நிண்டு செய்யிறதாம், 10 கிழமை, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். இவர் "குதிரை பாக்கிறதுக்கும் காசோ" எண்டு கேக்கிறார். மாமி கோயில்ல நூல் கட்டச் சொன்னவா, அதுவும் கட்டியாச்சு.

எனக்கு ஏன் இது மனசில நிக்குதெண்டால் என்ர அம்மம்மா யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கிற நெடுந்தீவு. அங்க வெளியில கட்டாக்காலியா நிக்கிற மட்டக்குதிரையள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒல்லாந்தற்ர காலத்துக் குதிரை லாயத்தின்ர தூணுகளும் இப்பவும் நிக்குது. கோடையில தண்ணி இல்லாமல் அதுகள் சாகிறது. அம்மம்மா வளவுக்கு வெளியில ஒரு பெரிய சட்டியில தண்ணி வைப்பா, நான் ஓடிப் போய்த் தொடப் பாப்பன், "கிட்டப் போகாதை பிள்ளை, பேசாமல் நில்லு, அதுவா வரும்" எண்டு சொல்லுவா. இந்த ரீச்சர் சொல்லச் சொல்ல எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆராவது போயிருந்தால் உண்மையைச் சொல்லுங்கோ.

லாயத்துக்காரன்_கோவை:

அக்கா வணக்கங்க. நான் 11 வருசமா லாயத்துலதான் வேலை பாக்கறேன், டாக்டர் கிடையாது, அதனால குதிரைய பத்தி மட்டும் சொல்றேன்.

குதிரை வேட்டையாடற ஜாதி இல்லீங்க, வேட்டைக்கு பயந்து ஓடியே பொழச்ச ஜாதி. கண்ணு தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதால கிட்டத்தட்ட 350 டிகிரிக்கு சுத்தி தெரியும், வாலுக்கு நேர் பின்னாடியும் நெத்திக்கு முன்னாடி கொஞ்சமும்தான் தெரியாது. காது ரெண்டும் தனித்தனியா திரும்பும். அப்படிப்பட்டது முன்னாடி ஒரு ஆளு தோள தூக்கிக்கிட்டு மூச்ச புடிச்சுக்கிட்டு வந்து நின்னா அதுக்கு அது ஒரு சேதிங்க, இங்க என்னமோ சரியில்லன்னு. தலைய தூக்கும், நகந்து போயிரும். அதே ஆளு மூச்ச விட்டு தோள எறக்குனா அதோட தலையும் எறங்கும், வாய சும்மாவே மெல்லும், ஒரு பின்னங்கால தளத்தி நிக்கும். மனச படிக்கும்னு சொல்றாங்களே அதெல்லாம் இல்லீங்க, ஒடம்பத்தான் படிக்கும், ஆனா நம்மள விட நல்லா படிக்கும். 2016ல உங்க ஊரு சசெக்ஸ் யுனிவர்சிட்டில 28 குதிரைங்களுக்கு மனுசங்க சிரிக்கற போட்டோ, கோவப்படற போட்டோ காட்டி பாத்தாங்க. கோவ மூஞ்சிய எடது கண்ணால பாத்துச்சு, நெஞ்சுத் துடிப்பும் சீக்கிரமா ஏறுச்சு. எனக்கு இது புதுசில்ல, வீட்ல சண்ட போட்டுட்டு லாயத்துக்கு போற அன்னிக்கி எங்க பொட்டக்குதிரை ஹால்ட்டர், அதாங்க தலைக்கயிறு, மாட்டவே விடாது.

சும்மா நிக்கற குதிரைக்கு நெஞ்சு நிமிசத்துக்கு 28ல இருந்து 44 தடவதான் துடிக்கும், மூச்சும் அவ்ளோ மெதுவா வரும். கழுத்து பக்கத்துல சாஞ்சு நின்னா அது நம்ம ஒடம்புக்கு தெரியும்ங்க.

போறதுக்கு முன்னாடி டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு பாத்துருங்க, லாயத்து மண்ணுலயும் சாணியிலயும் அந்தக் கிருமி இருக்கும். பாப்பாவுக்கு வீசிங் இருந்தா காஞ்ச புல்லு தூசி ஆகாது, முன்னாடியே சொல்லிருங்க.

மலைக்கோட்டை:

வெள்ளைக்காரன் ஊர்ல எதுக்கெடுத்தாலும் தெரபி. நாய் தெரபி பூனை தெரபி இப்ப குதிரை. புள்ளைய பார்க்ல கூட்டிட்டு போய் வெளையாட விட்டா போதும்மா, காச வீணாக்காதீங்க.

லாயத்துக்காரன்_கோவை:

அண்ணா இது நேத்து மொளச்சதில்லீங்க. டென்மார்க்குல லிஸ் ஹார்ட்டெல்னு ஒரு அம்மா, 1944ல வயித்துல கொழந்தையோட இருக்கறப்ப போலியோ வந்து முழங்காலுக்கு கீழ செயல் போயிருச்சு. குதிரை ஏறவும் எறங்கவும் இன்னொருத்தர் தூக்கி விடணும். அந்தம்மா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல டிரெஸ்ஸாஜ்ல, அதாவது குதிரைய சொன்னபடி அழகா நடத்தி காட்டற போட்டில, வெள்ளி வாங்குனாங்க. தங்கம் வாங்குன ஸ்வீடன்காரர் அவங்கள கைத்தாங்கலா மேடைக்கு கூட்டிட்டு போனாரு. அதுக்கப்புறம்தான் ஊனமுற்றவங்களுக்கு குதிரைங்கற எண்ணமே பரவலா வந்துச்சு, 1969ல இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் அதுக்குன்னே சங்கம் ஆரம்பிச்சாங்க.

சென்னை_சைக்காலஜிஸ்ட்:

வணக்கம் சகோதரி. நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பதின்ம வயசுப் பிள்ளைங்களதான் அதிகம் பாக்குறேன். கோவை தம்பி சொன்னது சரி, ஆனா லிஸ் ஹார்ட்டெல் கதை உடம்புக்கு ஆனது, நீங்க கேக்குறது மனசுக்கு. இங்க மூணு விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க. பிசியோதெரபிஸ்ட் மாதிரி ஆளுங்க குதிரையோட நடைய வெச்சு இடுப்புக்கும் முதுகுக்கும் செய்யுறது ஒண்ணு. மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்கு சவாரி கத்துக்குடுக்கிறது இன்னொண்ணு. உங்க ரீச்சர் சொன்னது மூணாவது, மனநல ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்க, தரையில நின்னு குதிரையோட செய்யுறது. அமெரிக்காவுல 1999ல ஆரம்பிச்ச ஈகாலாங்கிற அமைப்பு இத ஒரு முறையா வகுத்துச்சு, அதுல எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும், ஒருத்தர் மனநலம் படிச்சவர், இன்னொருத்தர் குதிரை தெரிஞ்சவர்.

இப்ப ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு தெரியணும், ஏன்னா நீங்க காசும் நேரமும் செலவு பண்ணப் போறீங்க. 2014ல வந்த ஒரு ரிவ்யூ, அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் கூட்டிப் பாத்துட்டு, மனநோய்க்கு இது வேலை செய்யுதுன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னு கறாரா எழுதிட்டாங்க. அதே 2014ல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில 5லருந்து 8ஆவது படிக்கிற பிள்ளைங்கள 11 வாரம் குதிரையோட விட்டுப் பாத்தாங்க, காத்திருந்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா இவங்களுக்கு எச்சில்ல கார்டிசால் குறைவா இருந்துச்சு. மனஅழுத்தம் ஏறுறப்ப ஏறுற ஹார்மோன் அது. 2015ல இன்னொண்ணு, ஆட்டிசம் உள்ள 6லருந்து 16 வயசு பிள்ளைங்களுக்கு 10 வாரம் சவாரி, ஒப்பிடுறதுக்கு இருந்த குரூப்புக்கு அதே லாயம், அதே ஆளுங்க, ஆனா நிஜக் குதிரைக்கு பதிலா குதிரை சைஸ்ல பொம்மை. நிஜக் குதிரையோட இருந்தவங்களுக்குத்தான் எரிச்சலும் துறுதுறுப்பும் நல்லா குறைஞ்சது. எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு அது, ஏன்னா மத்தவங்க கேக்க மறந்த கேள்விய கேட்டாங்க. ஆனா அது ஆட்டிசத்துக்கு, சவாரிக்கு. உங்க பொண்ணோட பதட்டத்துக்கு அப்படியே தூக்கி வெக்க முடியாது.

அதனால போங்க, ஆனா காம்ஸ் லிஸ்ட்லருந்து பேர எடுத்துடாதீங்க. ஒண்ணு கட்டாயம் செய்யணும். தன்னையே காயப்படுத்திக்கணும்னோ இருக்கவே வேணாம்னோ தோணுதான்னு அவகிட்ட நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு நம்ம ஆளுங்க பயப்படுறாங்க, அப்படி வராது, கேக்காததுதான் ஆபத்து. ஆமான்னு சொன்னா அது குதிரைக்கு காத்திருக்கிற விஷயம் இல்ல, அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசணும். உங்க ஊர்ல ராத்திரியில கூப்பிட சமாரிட்டன்ஸ் 116 123. இங்க தமிழ்நாட்டுலருந்து படிக்கிறவங்களுக்கு டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க.

நெடுந்தீவுப்பேத்தி:

டொக்டர், நேற்று இரவு கேட்டனான். கை நடுங்கினது எனக்குத்தான். "இல்லை அம்மா, எனக்குச் சாகவேண்டாம், எல்லாரும் என்னைப் பாக்கிறது நிக்கவேணும், அவ்வளவுதான்" எண்டாள். கட்டிலில இருந்து ரெண்டு பேரும் கனநேரம் கதைக்காமல் இருந்தனாங்கள். நீங்கள் சொல்லாட்டி நான் கேட்டிருக்கவே மாட்டன். நன்றி.

ஸ்காபரோ_தம்பி:

அக்கா, நான் உங்கட மகள் நிக்கிற இடத்தில நிண்டனான். இப்ப எனக்கு 23. எனக்கு 16 வயசில அப்பா வேலைக்குப் போன இடத்தில ஹார்ட் அற்றாக் வந்து இறந்திட்டார். அதுக்குப் பிறகு ஒரு வருசம் என்ர அறைக் கதவு திறக்கேல்லை எண்டே சொல்லலாம். அம்மா ஒரு சோஷல் வேர்க்கரைப் பிடிச்சு ரொறன்ரோவுக்கு வடக்கில ஒரு ஃபாமுக்கு அனுப்பினவா. முதல் நாள் நான் காரை விட்டு இறங்கேல்லை. இறங்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கவும் இல்லை.

எனக்கு உதவினது என்னண்டு சொல்லுறன், குளம்பு துப்பரவாக்கிறது. குதிரையின்ர தோளோட தோள் வச்சு, அதின்ர வால் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கவேணும். கையை மேல இருந்து காலோட கீழ தடவிக்கொண்டு போனால் குதிரை பாரத்தை மற்றக் காலுக்கு மாத்திப் போட்டுக் காலை உன்ர கையில தரும். அது தாற வரைக்கும் நிக்கவேணும், இழுத்தால் தராது. பேந்து இரும்புக் கொக்கியால குதிப்பக்கம் இருந்து முன்னுக்குச் சுரண்டுறது, நடுவில முக்கோணமா மெத்தெண்டு ஒரு இடம் இருக்கு, அதில கொக்கி படக்கூடாது. மண், சாணி, சின்னக் கல்லு எல்லாம் கட்டியா விழும், ஒரு புளிச்ச மணம் வரும். நாலு காலும் முடிய எனக்கு நாரி பிடிச்சிடும்.

நான் அப்பிடிக் குனிஞ்சு நிக்கேக்க அந்த தெரபிஸ்ற் குதிரைக்கு மற்றப் பக்கத்தில நிண்டு பிரஷ் பண்ணுவா. அவவின்ர முகம் எனக்குத் தெரியாது, என்ர முகம் அவவுக்குத் தெரியாது. நடுவில அந்தப் பெரிய வயிறு மூச்சு விட்டுக்கொண்டு நிக்கும். அப்பாவின்ர லஞ்ச் பாக் அவர் இறந்து ஒரு வருசமாகியும் எங்கட குசினியில அப்பிடியே இருக்கு எண்டு நான் முதன்முதல் சொன்னது அந்தக் குதிரையின்ர வயித்துக்குத்தான். அவ உடன ஒண்டும் சொல்லேல்லை, பிரஷ் பண்ணுற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தது. கதிரையில முகத்துக்கு முகம் இருந்திருந்தால் செத்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டன்.

குதிரை என்னைச் சுகப்படுத்தினது எண்டு நான் சொல்லமாட்டன். அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் சாதாரண அறையில இருந்துதான் தெரபி எடுத்தனான், மருந்தும் எடுத்தனான். ஆனா அந்த அறைக்குள்ள போற துணிவு அங்கதான் வந்தது.

ஈரோட்டு_அப்பா:

இத படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு தம்பி. எம்பையனும் 15 வயசு, பத்தாவது, மூஞ்சி குடுத்து பேச மாட்டேங்கறான். எங்களுக்கு தோட்டம் இருக்கு, ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில குதிரை வருமில்ல, ஒரு மட்டக்குதிரை வாங்கி விட்டுட்டா அவனுக்கு ஒரு தொணையா இருக்குமா?

லாயத்துக்காரன்_கோவை:

அண்ணா தயவுசெஞ்சு வேண்டாங்க. ஒத்தக் குதிரைய தோட்டத்துல கட்டி வெச்சா அது கூட்டமா வாழற ஜாதி, அதுவே ஏங்கி போயிரும், தம்பிக்கு தொணை வேணும்னு வாங்கி இன்னொரு உசுர தனியா கட்டிப் போடறதா ஆயிரும். தெனம் தீனி, லாடம், குளம்பு வெட்டறது, வயித்துவலி வந்தா ராத்திரியில டாக்டர் தேடறது எல்லாம் இருக்குது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாதுங்க, வயித்துவலின்னா உசுரு போற விஷயம். மனசு சரியில்லாத பையன் தலையில அந்த பாரத்த வெச்சு நாளைக்கு அது செத்துருச்சுன்னா என்ன பண்ணுவீங்க.

இன்னொன்னும் எல்லாருக்கும் சொல்லிக்கறேன். கூட்டிட்டு போற எடத்துல குதிரைய பாருங்க. விலா எலும்பு தெரியுதா, கடிவாளம் போட்ட எடத்துல புண்ணு இருக்கா, மனுசன் கை தூக்குனா தலைய வெட்டி இழுக்குதா. அடி வாங்கி அடங்கி போன குதிரை அமைதியா நிக்கற மாதிரியே இருக்கும், ஆனா கண்ணுல ஒன்னும் இருக்காது. அதுகிட்ட புள்ளைங்க கத்துக்க எதுவும் இல்லீங்க. நகந்து போக எடமும் உரிமையும் இருக்கற குதிரை பக்கத்துல வந்து நின்னாத்தான் அதுக்கு மதிப்பு.

சென்னை_சைக்காலஜிஸ்ட்:

ஈரோட்டு அப்பா, பையன முதல்ல உங்க ஊர் அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவுல காட்டுங்க, பத்தாவது பரிட்சை முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க. தனியா எனக்கு மெசேஜ் போடுங்க, பேசலாம்.

நெடுந்தீவுப்பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு ஒரு இடத்துக்குப் போனனாங்கள், மனம் நொந்து போய் எழுதிறன். ரீச்சர் சொன்ன இடத்தில ஒரு மாசம் பொறுக்கச் சொன்னவை எண்டு நான் அவதிப்பட்டு நெற்றில வேற ஒண்டைத் தேடிப் பிடிச்சனான். பேர் சொல்லேல்லை. போய் அஞ்சு நிமிசத்தில பிள்ளையைக் குதிரையில ஏத்திவிட்டினம். மகளின்ர முகம் வெளிறிப்போச்சு, இறக்குங்கோ எண்டு நான் சொல்ல, பயத்தை வெல்லவேணும் எண்டு சொல்லி இன்னும் ரெண்டு சுத்து. பேந்து தங்கட நெற் பக்கத்தில போட ஒரு படம் எடுக்கலாமோ எண்டு கேட்டினம். எல்லாரும் பாக்கிறது நிக்கவேணும் எண்டு சொன்ன பிள்ளையை. காருக்குள்ள போய் ஹூடியை மூடினவள் வீடு வரும் வரைக்கும் எடுக்கேல்லை. என்ர பிழை, நான் ஒண்டும் விசாரிக்காமல் போனனான்.

சென்னை_சைக்காலஜிஸ்ட்:

சகோதரி, உங்க தப்பு இல்ல. உங்க ஊர்ல சைக்கோதெரபிஸ்ட், கவுன்சிலர்னு யார் வேணா போர்டு மாட்டிக்கலாம், அந்தப் பேருக்கு சட்டப் பாதுகாப்பு இல்ல. ஆனா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போட்டுக்க சட்டப்படி பதிவு கட்டாயம். அதனால எந்த ரெஜிஸ்டர்ல இருக்கீங்கன்னு கேக்கணும், இவங்கள பதிவு பண்ணி வெச்சிருக்கிற அமைப்புங்களான பிஏசிபி, யூகேசிபி, எச்சிபிசி இதுல ஏதாவது ஒண்ணு சொல்லணும், நீங்க வெப்சைட்ல போய் பாக்கணும். பிள்ளைங்களோட வேலை பாக்க டிபிஎஸ் செக், அதாவது குற்றப் பின்னணி சோதனை, இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, பிள்ளை வேணாம்னு சொன்னா என்ன செய்வீங்க. இந்தக் கடைசி கேள்விக்கு அவங்க யோசிக்காம என்ன பதில் சொல்றாங்கன்னு கவனிங்க, எனக்கு மத்ததெல்லாம் விட அது முக்கியம். இந்தியாவுல கேக்குறவங்க ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேளுங்க.

ஸ்காபரோ_தம்பி:

ஒரு மாசம் பொறுக்கச் சொன்ன இடம்தான் சரியான இடமா இருக்கும் அக்கா. அவளுக்கு சொறி சொல்லுங்கோ, நேர சொல்லுங்கோ, நான் பிழை விட்டிட்டன் எண்டு. எங்கட அம்மாமார் அதைச் சொல்லுறதில்லை.

நெடுந்தீவுப்பேத்தி:

ரெண்டரை மாசத்துக்குப் பிறகு வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஒவ்வொரு நாளும் எழுதவேணும் எண்டு நினைச்சு எழுத ஏலாமல் போச்சு. தம்பி, சொன்னனான். அவள் ஒண்டும் சொல்லேல்லை, ஆனா அடுத்தநாள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவள்.

ரீச்சர் சொன்ன இடத்துக்கே போறம். டொக்டர் சொன்ன எல்லாத்தையும் கேட்டனான். பிள்ளை வேண்டாமெண்டால்? எண்டு கேக்க அந்த மனுசி "அப்ப வேலிக்கு வெளியில நிண்டு குதிரை புல்லுத் தின்னுறதைப் பாப்பம்" எண்டு சொன்னவா. முதல் ரெண்டு கிழமையும் அதைத்தான் செய்தவை, உண்மையா. இவர் காருக்குள்ள இருந்து "இதுக்கோ காசு" எண்டு பல்லைக் கடிச்சவர்.

மூண்டாம் கிழமை உள்ளுக்குப் போனாள். அஞ்சு குதிரை, அதில ஒரு மண்ணிறக் கிழவன், 22 வயசாம், ஒரு காது நுனி கிழிஞ்சது. அவனுக்குக் கிட்டப் போறாள், அவன் நடந்து போறான். திரும்பப் போறாள், திரும்பப் போறான். நான் வேலியோட நிண்டு, என்ர பிள்ளையைக் குதிரைக்கும் பிடிக்கேல்லை எண்டு நினைச்சு அழுகையை அடக்கிக்கொண்டு நிக்கிறன். அந்த மனுசி மகளிட்ட "அவன் என்ன செய்யிறான் எண்டு நினைக்கிறாய்" எண்டு மெல்லமாக் கேட்டவா. மகள் கொஞ்சநேரம் பாத்திட்டு, "அவனுக்கு இண்டைக்கு ஏலாது போல இருக்கு" எண்டாள். "அப்ப நீ என்ன செய்யப்போறாய்" எண்டவா. "அவன் பாக்கிற இடத்தில இருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு ஈரப் புல்லில இருந்திட்டாள், முதுகை அவனுக்குக் காட்டிக்கொண்டு. வேற ஒண்டும் நடக்கேல்லை. மணித்தியாலம் முடிஞ்சுது, வீட்டை வந்தம்.

அடுத்த செவ்வாய் காலமை பாத்ரூம் கதவு பூட்டுப்படேல்லை. உடுப்பு மாத்தாமல் குசினிக்கு வந்து நிண்டு, "அம்மா, எனக்கு இண்டைக்கு ஏலாது" எண்டு சொன்னாள். அவ்வளவு நாளும் வயித்துக்குத்து, தலையிடி எண்டு மட்டும்தான் சொன்னவள். இவர் வாயைத் திறக்கப் போனவர், நான் கையைப் பிடிச்சிட்டன். பிள்ளைக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தவர், ஒண்டும் கேக்கேல்லை, வேலைக்கும் பிந்திப் போனவர். பத்தரைக்கு அவளாவே "ரெண்டு பாடத்துக்கு மட்டும் போகட்டோ" எண்டு கேட்டாள்.

எல்லா நாளும் அப்பிடி இல்லை. போன கிழமை மூண்டு நாள் போகேல்லை, ஒரு நாள் கதவும் திரும்பப் பூட்டுப்பட்டது. காம்ஸில இருந்து கடிதம் வந்திருக்கு, அடுத்த மாசம் அப்பொயின்ற்மென்ற். மகள் அதை வாசிச்சிட்டு, அங்கையும் முகத்துக்கு நேர கதிரை போட்டிருப்பினமோ எண்டு கேட்டவள். கதிரையைத் திருப்பிப் போடச் சொல்லி முதலே போன் பண்ணிக் கேக்கலாமோ டொக்டர்?

சென்னை_சைக்காலஜிஸ்ட்:

தாராளமா கேளுங்க. பக்கவாட்டுல உக்காந்து பேசணும், கையில ஏதாவது வெச்சுக்கணும்னு எழுதியே குடுங்க. அந்தக் குதிரை இடத்து அம்மாகிட்டயும் ஒரு லெட்டர் வாங்கிட்டு போங்க, என்ன பாத்தாங்கன்னு. அது ரொம்ப உதவும்.

லாயத்துக்காரன்_கோவை:

அக்கா, அந்தக் கெழவன் கிட்ட வந்தானா இல்லீங்களா?

நெடுந்தீவுப்பேத்தி:

ஆறாம் கிழமை வந்தவன் தம்பி. பின்னால வந்து அவளின்ர ஹூடியை மணந்து பாத்திட்டு அப்பிடியே நிண்டவன், அவள் திரும்பேல்லை. இப்ப குளம்பு சுரண்டப் பழகிறாள், முன்னங்கால் ரெண்டும் தருவானாம், பின்னங்கால் இன்னும் தரேல்லையாம். நாளைக்கு ஒன்பதாம் கிழமை. மழை எண்டு சொல்லுறாங்கள், பூட்ஸ் நனைஞ்சபடி கிடந்தது, ஹீற்றருக்குக் கிட்ட வச்சிருக்கிறன்.